சாமி குடித்தால் சித்திரம்! ஆசாமி குடித்தால் பாபம்!

புராண ஆபாசங்களை நாம் எடுத்துக்காட்டும்போதெல்லாம் அதற்குச் சமாதானம் சொல்ல வகையில்லாத பண்டிதர்களும் பாகவதர்களும் கடைசியாக ஒரு ஆயுதத்தை எடுத்து வீசுகிறார்கள். அதாவது, "இதெல்லாம் கலை ஐயா! மேல்நாட்டுப் பெரிய பெரிய சித்திரக்காரர்கள் எல்லாம் அவர்கள் நாட்டுப் புராணத்தைத்தானே சித்திரமாய் எழுதி வைத்திருக்கிறார்கள்? அங்கே தேவர்களும் தேவதைகளும் நிர்வாணமாய்க் குடித்துக் கூத்தாடுகிறதை ஜனங்கள் கூட்டம் கூட்டமாய்ப் போய்ப் பார்த்து மெச்சுகிறார்களே, அவர்களெல்லாம் மூடர்களா?" என்பதாகும்.

இந்தக் கேள்வியை நாம் தட்டிக்கழிக்க வேண்டியதில்லை. மேல்நாட்டுச் சித்திரசாலைகளில் அப்படிப்பட்ட படங்கள் ஏராளமாய் இருப்பது வாஸ்தவமே. ஆனால் அவை யாருக்காக எழுதப்பட்டன, யார் பணத்தில் எழுதப்பட்டன, அந்தச் சாமியின் கதி கடைசியில் என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்தே பார்த்துவிடுவது நல்லது. பாதியை மாத்திரம் சொல்லி மீதியை விழுங்கிவிடுவது பாகவதர்களுக்குப் பழக்கமான வேலை. நமக்கு அது ஆகாது.

அந்தச் சாமிக்குக் கிரேக்கர்கள் டயோனிசஸ் என்று பெயர் வைத்தார்கள். ரோமர்கள் பாக்கஸ் என்றார்கள். திராட்சைக்கும் மதுவுக்கும் அதிபதியாம். இவன் பிறப்பே ஒரு வேடிக்கை. தேவராஜனாகிய ஜீயஸ் என்பவன் செமிலி என்கிற மானிடப் பெண்ணிடம் கள்ளத்தனமாய்ப் போய்வந்தானாம். அவன் பெண்சாதி செய்த சூழ்ச்சியால் செமிலி இடியில் எரிந்து போனாளாம். அவள் வயிற்றில் இருந்த பிள்ளையை ஜீயஸ் எடுத்துத் தன் தொடையில் வைத்துத் தைத்துக்கொண்டு, காலம் வந்தபோது பெற்றெடுத்தானாம்! ஆண்பிள்ளை பிள்ளை பெறுகிற சங்கதியைக் கேட்டு நம்மவர்கள் ஆச்சரியப்படமாட்டார்கள். இந்தச் சரக்கு நம்மிடத்திலும் வேண்டிய மட்டும் உண்டு.

இவனுடைய பரிவாரமோ ஆட்டுக்காலும் கொம்பும் முளைத்த காமுகர்கள், கழுதைமேல் உட்காரவும் நிதானமில்லாத சைலினஸ் என்கிற குடிகாரக் கிழவன், வெறி பிடித்துக் காட்டில் ஓடுகிற பெண்கள் ஆகியவர்கள். இவனைச் சாமி என்று ஒப்புக்கொள்ள மறுத்த பெந்தியஸ் என்கிற அரசனை, பெற்ற தாயே வெறியில் சிங்கக்குட்டி என்று நினைத்துப் பிய்த்துக் கொன்றாள் என்று யூரிப்பிடீஸ் என்னும் கிரேக்கப் புலவர் நாடகமே எழுதியிருக்கிறார். சாமி இல்லை என்றவனுக்குத் தாய் கையால் சாவு! எந்த நாட்டுச் சாமியானாலும் குணம் ஒன்றாகத்தான் இருக்கிறது.

இவன் நம் நாட்டையும் விட்டுவைக்கவில்லை. பாக்கஸ் இந்தியாவின்மேல் படையெடுத்து ஜெயித்ததாக, கி.பி. 5-ம் நூற்றாண்டில் எகிப்தில் இருந்த நோன்னஸ் என்கிற புலவர் 48 காண்டம் பாடி வைத்தார். சித்திரங்களில் இவன் தேரைச் சிறுத்தைகளும் புலிகளும் இழுப்பதும், பழைய ரோமச் சவப்பெட்டிகளில் யானைகளும் கைதிகளும் செதுக்கப்பட்டிருப்பதும் இந்த வெற்றிக்கு அடையாளம். கல்கத்தாவில் நீதிபதியாயிருந்த சர் வில்லியம் ஜோன்ஸ் 1784-ம் வருஷத்தில் எழுதிய ஒரு கட்டுரையில், ஆட்டுக்கால் பட்டாளத்தோடு போன பாக்கசும், குரங்குப் பட்டாளத்தோடு போன ராமனும் ஒரே ஆள்தான் என்று அபிப்பிராயப்பட்டார். ஜோன்ஸ் துரை சொன்னது சரித்திரமாகாதுதான். என்றாலும் ஒரு புராணத்தைப் பார்த்தவனுக்கு மற்றொரு புராணம் அடையாளம் தெரிகிறது என்பதற்கு இது போதும்.

இனி இந்தச் சாமியை அரசாங்கங்கள் நடத்திய விதத்தைப் பார்ப்போம். கி.மு. 186-ல் ரோமாபுரி செனட்டு சபை பாக்கஸ் பூசைக் கூட்டங்களை அடக்க உத்தரவு போட்டது. அந்த உத்தரவு பொறித்த வெண்கலத் தகடு ஒன்று 1640-ல் தென் இத்தாலியில் அகப்பட்டு, இப்போது வியன்னா நகரக் காட்சிசாலையில் இருக்கிறது. இதில் சம்பந்தப்பட்டவர்கள் ஏழாயிரம் பேருக்கு மேல் என்றும், சிறைப்பட்டவர்களைவிடக் கொல்லப்பட்டவர்களே அதிகம் என்றும் லிவி என்னும் ரோம சரித்திரக்காரர் எழுதுகிறார். "ஆகா, என்ன ஒழுக்கமுள்ள அரசாங்கம்!" என்று யாரும் அவசரப்பட்டு மெச்சிவிட வேண்டாம். அந்தத் தகடு எதைத் தடுக்கிறது என்று பாருங்கள்: பொது நிதி வைத்துக்கொள்ளக்கூடாது, தலைவர் ஏற்படுத்திக்கொள்ளக்கூடாது, ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொள்ளக்கூடாது, அனுமதி பெற்றாலும் ஆண் இரண்டு, பெண் மூன்று, ஆக ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது. குடியைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. அடிமைகளும் பெண்களும் ஏழைகளும் ஒன்றாய்க் கூடிக் கட்டுப்பாடாய் இருந்துவிடுவார்களோ என்பதுதான் கவலை. ஏற்கனவே இருந்த புனித வஸ்துக்களை மாத்திரம் தொடாமல் விட்டுவிட வேண்டும் என்று அதே உத்தரவில் விலக்கும் இருக்கிறது. சாமிக்கு விலக்கு, கும்பிட்ட ஏழைக்குக் கழுத்து வெட்டு!

பிறகு ரோம சாம்ராஜ்யம் கிறிஸ்தவமாயிற்று. தியோடோசியஸ் சக்கரவர்த்தி 391, 392-ம் வருஷங்களில் பழைய தெய்வங்களுக்குப் பூசை கூடாது என்று சட்டமே போட்டார். கோவில்கள் மூடப்பட்டன, சாமிகளின் வேலையும் போயிற்று. அப்படிப் போன சாமி ஆயிரத்துச் சொச்சம் வருஷங்களுக்குப் பின் எங்கே திரும்பி வந்தான் என்றால், பிரபுக்கள் மாளிகைச் சுவரிலும், கார்டினல்களின் கூரையிலும்தான்.

இத்தாலியில் பெர்ராரா என்கிற ராஜ்யத்தை ஆண்டவர் அல்போன்சோ பிரபு. பீரங்கி வார்ப்பதில் பிரியமுள்ளவர். ஜூலியஸ் என்கிற போப்புக்கு மைக்கேல் ஆஞ்சலோ செய்த வெண்கலச் சிலையை ஜனங்கள் 1511-ல் உடைத்தபோது, அந்த உலோகத்தை வாங்கி உருக்கிப் பீரங்கி செய்து, அந்தப் போப்பின் பெயரையே பெண்பாலாக்கி அதற்கு வைத்தவர். இவர் தன் அந்தரங்க அறைக்கு மதுக்கூத்துச் சித்திரங்கள் எழுதச் சொன்னார். வயோதிக பெல்லினி 1514-ல் தேவர்களின் விருந்தை எழுதினார். அதில் தேவர்கள் குடித்துச் சாய்ந்திருக்க, பிரயாபஸ் என்கிற ஒரு தேவன், தூங்கிப்போன பெண்ணின் ஆடையைத் தூக்கப் பார்க்கிறான். இது தேவலோகத்து நடவடிக்கை! அடுத்து டிஷியன் என்கிற மகா சாமர்த்தியசாலி, 1520-க்கும் 1523-க்கும் மத்தியில், கைவிடப்பட்ட அரியாட்னி என்கிற பெண்ணைக் கண்டு பாக்கஸ் தேரிலிருந்து தாவுகிற காட்சியை எழுதினார். வானத்து நீலத்துக்காக ஆப்கானிஸ்தான் மலையிலிருந்து வந்த விலையுயர்ந்த கல்லை அரைத்துப் பூசியிருக்கிறார். அழகான படம்தான், அதை மறுப்பவன் கண் இல்லாதவன். ஆனால் அந்த அழகுக்குப் பின்னால் பாருங்கள். ஒரு ஆட்டுக்கால்காரன் பிய்த்தெடுத்த கன்றுக்குட்டியின் காலைத் தூக்கி ஆட்டுகிறான். ஒரு சிறுவன் கன்றின் தலையைக் கயிற்றில் கட்டி நாய்க்குட்டிபோல் இழுத்துக்கொண்டு வருகிறான். பெந்தியசுக்கு நடந்தது இதில் ஒளிந்திருக்கிறது. டிஷியன் மறைக்கவில்லை, பார்க்கிறவர்கள்தான் நீலத்தைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள்.

1598-ல் போப்பு பெர்ராராவைப் பிடுங்கிக்கொண்டார். பாபமான சித்திரங்கள் என்று கொளுத்தினார்களா? போப்பின் சகோதரன் மகனான ஒரு கார்டினல் அவைகளைப் பத்திரமாய்ச் சுருட்டிக்கொண்டு ரோமாபுரிக்குப் போனார்!

இந்த இடத்தில் ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும். 1563-ல் திரெந்து நகரத்தில் கூடிய திருச்சபை மகாநாடு, கோவில் சித்திரங்களில் ஆபாசம் இருக்கக்கூடாது என்று தீர்மானம் செய்தது. மைக்கேல் ஆஞ்சலோ போப்பின் கோவில் சுவரில் எழுதியிருந்த நிர்வாண உருவங்களுக்கு 1565-ல் ஒரு சித்திரக்காரரை விட்டுக் கோவணம் எழுதச் சொன்னார்கள். அந்த மனுஷருக்கு "கால்சட்டைக்காரர்" என்று பரிகாசப் பெயரே நிலைத்துவிட்டது. அதாவது பொதுஜனங்கள் வந்து போகிற கோவிலில் பரிசுத்தவான்களுக்கும் துணி கட்டப்பட்டது. ஆனால் கார்டினல்கள் சாப்பிட்டுச் சல்லாபம் பண்ணுகிற மாளிகையிலே?

ரோமாபுரியில் பர்னீஸ் மாளிகை என்று ஒன்று இருக்கிறது. அதன் சொந்தக்காரர் ஓடோவார்தோ பர்னீஸ் என்கிற கார்டினல். அவர் 1597-ம் வருஷம் முதல் அன்னிபாலே கராச்சி என்பவரை வைத்துத் தம் மண்டபத்துக் கூரை முழுதும் தேவர்களின் காமக் கதைகளை எழுதச் செய்தார். நட்ட நடுவில் இருப்பது பாக்கசும் அரியாட்னியும் ஊர்வலம் போகிற காட்சி. குடி, கூத்து, நிர்வாணம், கழுதைமேல் கிழவன் எல்லாம் உண்டு. அந்த மாளிகைக்கு அடுத்தாற்போல் சில அடி தூரத்தில் பூச்சந்தை மைதானம் என்று ஒரு சதுக்கம். கூரை வேலை நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1600-ம் வருஷம் பிப்ரவரி 17-ந் தேதி, அந்த மைதானத்தில்தான் ஜியார்டானோ புரூனோவை உயிரோடு கட்டிவைத்துக் கொளுத்தினார்கள். அவர் செய்த குற்றம், திருச்சபை சொன்னதை நம்பாமல் தம் புத்தியைக்கொண்டு யோசித்து, உலகங்கள் அநேகம் உண்டு என்றும் இன்னும் பலவும் எழுதினது; எழுதினதை இல்லையென்று சொல்ல மறுத்தது.

தோழர்களே! பொய்ச்சாமி என்று தாங்களே சொல்லுகிற ஒரு குடிகாரச் சாமிக்குக் கார்டினல் வீட்டுக் கூரையில் இடம் கிடைத்தது. யோசித்த மனுஷனுக்கு வெளியில் விறகுக் கட்டை கிடைத்தது. கலை என்ற பேச்சை எடுக்கிறவர்கள் அந்தக் கூரையை அண்ணாந்து பார்ப்பதோடு ஜன்னல் வழியாகக் கொஞ்சம் வெளியேயும் பார்த்தால் நல்லது.

அந்தக் கூரையை எழுதின கராச்சிக்கு என்ன கிடைத்தது? பல வருஷம் கழுத்து வலிக்க அண்ணாந்து எழுதினவருக்குக் கார்டினல் ஒரு தட்டில் வைத்து 500 பொற்காசு அனுப்பினார் என்று அந்தக் காலத்துச் சரித்திரம் எழுதினவர்கள் சொல்லுகிறார்கள். அந்த அவமானம் மனதில் தைத்து, சித்தம் ஒடிந்து, அதன்பின் அதிகமாய் வேலை செய்ய முடியாமல் 1609-ல் செத்தார். பாக்கஸ் பவனி போன வீட்டிலே உழைத்தவனுக்குக் கூலி இவ்வளவுதான்.

அங்கேயும் தத்துவார்த்தக்காரர்கள் உண்டு. நம் ஊரில் கோபிகைகளின் சேலை ஜீவாத்மாவின் அஞ்ஞானம் ஆனதுபோல, அந்தக் கூரையிலிருக்கிற காமக் கூத்தெல்லாம் தெய்வீகக் காதலுக்கும் உலகக் காதலுக்கும் நடக்கிற போராட்டத்தைக் குறிக்கிறது என்று பெல்லோரி என்பவர் 1672-ல் வியாக்கியானம் எழுதினார். கார்டினல் பாவம், இதையெல்லாம் தியானிக்கத்தான் தினமும் சாப்பிட்டபின் அண்ணாந்து பார்த்தார் போலும்!

இவ்வளவும் சொல்லுகிறபடியால் சித்திரக்காரர்களை நாம் நிந்திக்கிறோம் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. உண்மையைச் சொல்லப்போனால், சாமியை முதலில் மனுஷனாக்கிக் காட்டினவர்கள் அவர்களே. எசமான் கேட்டது சாமி. எதிரில் உட்கார்ந்து காட்டிக்கொடுத்தவன் தெருவிலிருந்து வந்த ஆள். கண்ணால் கண்டதை எழுதுகிறவன் கை பொய் சொல்லத் தெரியாமல் உண்மையை உளறிவிடுகிறது. கரவாஜ்ஜோ என்பவர் 1597-ஐ ஒட்டிய காலத்தில் எழுதிய பாக்கஸ் புளோரன்சு நகரத்தில் இருக்கிறது. பாதி உடம்பில் வெள்ளைத் துணி, தலையில் திராட்சை இலை, கையில் மதுக்கிண்ணம். எல்லாம் சரி, ஆனால் விரல் நகத்தில் அழுக்கு! முகமும் கையும் மாத்திரம் வெயிலில் சிவந்திருக்கிறது. எதிரில் இருக்கிற பழத்தட்டில் பழங்கள் அழுகிப்போயிருக்கின்றன. தேவலோகத்தில் பழம் அழுகுமா என்று பக்தர்கள்தான் சொல்ல வேண்டும்.

ரூபன்ஸ் என்பவர் எழுதிய குடிகாரச் சைலினசைப் பாருங்கள். தொந்தியும் தொங்கலுமாய், தன் உடம்பைத் தானே தூக்க முடியாமல் தள்ளாடுகிற ஒரு கிழவன். அவனைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா, இரக்கப்படுவதா என்று தெரியாது.

நமக்கு எல்லாவற்றிலும் பிரியமானது வெலாஸ்கஸ் எழுதினதுதான். ஸ்பெயின் ராஜா நாலாம் பிலிப்புக்காக எழுதி, 1629-ல் அதற்கு 100 டூக்கட்டு வாங்கினார். பாக்கசின் வெற்றி என்று அதற்குப் பெயர். ஆனால் ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் "குடிகாரர்கள்" என்பதாகும். பீப்பாய்மேல் வெளுத்த உடம்போடு உட்கார்ந்திருக்கிற சாமியை ஒருவரும் லட்சியம் செய்வதில்லை. அவனைச் சுற்றியிருக்கிற கிழிந்த சட்டை, வெயிலில் வறண்ட முகம், விழுந்த பல் ஆகியவைகளோடு கூடிய குடியானவர்களைத்தான் கண் பார்க்கிறது. தொப்பி போட்ட ஒருவன் கையில் கிண்ணத்தோடு நம்மையே பார்த்துச் சிரிக்கிறான். பின்னால் ஒரு பிச்சைக்காரன் தொப்பியைக் கழற்றி நீட்டுகிறான். நாளெல்லாம் உழைத்து நொந்தவன் ஒரு கிண்ணத்தில் அரை நாழிகை கவலையை மறக்கிறான் என்பதுதான் அங்கே விஷயம். சாமி இல்லாவிட்டாலும் படத்துக்கு ஒரு குறைவும் வந்துவிடாது.

பிரான்சு தேசத்துப் பூசான் என்பவரின் கதை இன்னும் ருசியானது. லண்டன் நகரப் பொதுச் சித்திரசாலையில் இவருடைய படங்கள் இரண்டு இருக்கின்றன. இரண்டும் 1630-க்கும் 1635-க்கும் இடையில் எழுதினவை. ஒன்றில் ஆட்டுத் தேவதையின் சிலைக்கு முன்னால் ஆணும் பெண்ணும் குடித்துவிட்டுக் கைகோத்து ஆடுகிறார்கள். மற்றொன்றில் மோசேயின் ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைச் சுற்றி ஆடுகிறார்கள். ஆடுகிற கூட்டம் இரண்டிலும் ஒன்றுதான்! ஒன்றைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலமாகத் திருப்பி மற்றதில் வைத்துவிட்டார். அதே கை, அதே கால், அதே குதிப்பு. ஆனால் முதல் படத்தில் அது ஆனந்தம். இரண்டாவதில் மகா பாதகம். அந்தப் பாதகத்துக்காக ஒரே நாளில் மூவாயிரம் பேர் வெட்டப்பட்டார்கள் என்று கிறிஸ்தவ வேதமே சொல்லுகிறது. ஆட்டம் மாறவில்லை, சிலைதான் மாறியிருக்கிறது. எந்தச் சிலையைச் சுற்றி ஆடலாம், எதைச் சுற்றி ஆடினால் கழுத்துப் போகும் என்று தீர்மானிக்கிறவன் எவனோ அவன்தான் கடவுள் என்று பூசான் சொல்லாமல் சொல்லிவிட்டார். அவர் அப்படி நினைத்து எழுதினாரோ இல்லையோ, நமக்கு அது தெரிகிறது.

இதே பூசான் 1636-ல் ரிஷலியூ என்கிற கார்டினல் மந்திரிக்குப் பானின் வெற்றி, பாக்கசின் வெற்றி என்று மதுக்கூத்துப் படங்கள் எழுதிக் கொடுத்தார். அந்த வருஷத்திலும் அடுத்த வருஷத்திலும் தென்மேற்குப் பிரான்சில் குடியானவர்கள் வரிச்சுமை தாளாமல் கலகம் செய்தார்கள். பட்டாளத்தை விட்டு அடக்கினார்கள். கார்டினலின் கோட்டைச் சுவரில் மது ஆறாய் ஓடிற்று. அதைப் பிழிந்து கொடுக்கிற கிராமத்தில் ஜப்தி நடந்தது.

சுவரில் இருக்கிற பாக்கசுக்கு இப்படிச் சலுகை காட்டின அதே ரோமாபுரியில், சித்திரக்காரர்கள் தாங்களே பாக்கஸ் கூத்து ஆடினபோது என்ன நடந்தது? ஒல்லாந்து முதலிய வடநாட்டிலிருந்து ரோமாபுரிக்குப் பிழைக்க வந்த சித்திரக்காரர்கள் சுமார் 1620-ல் "பறவைக் கூட்டம்" என்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். புதிதாய் வந்தவனுக்கு மதுவினால் "ஞானஸ்நானம்" செய்து ஒரு பரிகாசப் பெயர் வைப்பார்கள். விடிய விடியக் குடித்துவிட்டு, திராட்சைக் கொடி வேலைப்பாடு நிறைந்த ஒரு பழைய கோவிலுக்குப் போய், அதைப் பாக்கசின் சமாதி என்று சொல்லிக்கொண்டு அங்கேயும் மது வார்ப்பார்கள். அவர்கள் சுவரில் கீறின பெயர்களை இன்றும் பார்க்கலாம். உண்மையில் அது கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தியின் மகளுக்குக் கட்டின கிறிஸ்தவச் சமாதி! கிறிஸ்தவனின் திராட்சைக்கும் பாக்கசின் திராட்சைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாதபடி இருந்திருக்கிறது. 1720-ல் போப்பு இந்தச் சங்கத்தைத் தடை செய்துவிட்டார். ஞானஸ்நானத்தைப் பரிகசித்தது பொறுக்கவில்லையாம். கார்டினல் வீட்டுக் கூரையிலிருந்த பாக்கசை யாரும் தடை செய்யவில்லை.

குடி குடியைக் கெடுக்கும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அந்த உண்மையைப் பாக்கசையே வைத்து எழுதின சித்திரக்காரரும் ஒருவர் உண்டு. ஆனால் பாகவதர்கள் அவர் பெயரை எடுக்கமாட்டார்கள். இங்கிலாந்தில் ஜார்ஜ் குருக்ஷாங்க் என்பவர், தகப்பனைக் குடியில் பறிகொடுத்து, தானும் குடித்துப் பார்த்து, 1847-ல் அடியோடு விட்டவர். 1860 முதல் 1862 வரை உழைத்து, பதின்மூன்று அடி அகலத்தில் "பாக்கஸ் வழிபாடு" என்று ஒரு படம் எழுதினார். நடுவில் பாக்கசின் சிலை. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான மனிதர்கள்: ஞானஸ்நானத்தில் குடி, கலியாணத்தில் குடி, பாதிரி கையில் குடி, பிரபு கையில் குடி; பின்னால் சிறைச்சாலையும் பைத்தியக்கார ஆஸ்பத்திரியும். 1863-ல் விக்டோரியா ராணிக்கும் கொண்டுபோய்க் காட்டினார். கலாரசிகர்கள் மெச்சவில்லை, காட்சி வைத்ததில் நஷ்டம். டிஷியன் படத்துக்குப் பக்கத்தில் அது நிற்காது என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனாலும் பாக்கசுக்கு உண்மையில் எந்தெந்த வீட்டில் பூசை நடக்கிறது என்று காட்டினவர் அவர்தான்.

சந்தோஷத்துக்கு நாம் விரோதிகளல்ல. 1944-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், ஜெர்மானியர் பிடியிலிருந்து பாரிசு நகரம் விடுதலையாகித் தெருவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, பிக்காசோ என்பவர் வீட்டுக்குள் உட்கார்ந்து பூசானின் பான் கூத்தைத் தம் பாணியில் திருப்பி எழுதினார். அவர் பானைக் கும்பிடவில்லை. விடுதலை அடைந்த மனிதன் ஆடுகிறான் என்பதற்கு ஒரு பழைய ஆட்டம் கைக்கு அகப்பட்டது, எடுத்துக்கொண்டார். இதற்கு யார் ஆட்சேபம் சொல்லப் போகிறார்கள்?

ஆகவே "மேல்நாட்டான் செய்யவில்லையா?" என்று கேட்கிற பண்டிதர்களுக்கு நாம் சொல்லுவதெல்லாம், அவன் செய்ததை முழுக்கச் செய்யுங்கள் என்பதுதான். பாக்கசுக்கு இன்றைக்கு ஐரோப்பாவில் அர்ச்சகன் இல்லை, மானியம் இல்லை, தேர் இழுக்க ஆள் இல்லை, அவன் பெயரால் ஒருவன் மேல்சாதி, ஒருவன் கீழ்சாதி என்பதும் இல்லை. அவனைத் தொடாதே என்று காவலாள் சொன்னால், வர்ணம் கெட்டுவிடும் என்பதற்காகவே தவிர தீட்டுக்காக அல்ல. யார் வேண்டுமானாலும் உள்ளே போய், பக்கத்தில் நின்று, நகத்து அழுக்கைச் சுட்டிக்காட்டிச் சிரித்துவிட்டு வரலாம். நம் சாமிகளையும் அந்த மாதிரி ஒரு காட்சிசாலையில் கொண்டுபோய் வைத்து, "கலை" என்று பலகை எழுதி மாட்டட்டும். நாமே டிக்கட்டு வாங்கிக்கொண்டு முதல் ஆளாய் வந்து பார்க்கத் தயாராயிருக்கிறோம்.